சட்டிக்குப் பிடிக்கிற மீனுக்குச் சட்டத்தில் என்ன பெயர்?

(மனுரேவாவில் நடந்த எங்கட மாதாந்தச் சந்திப்பில் பேசியதின் எழுத்து வடிவம். பேச்சுத் தமிழைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)

நாங்கள் இருந்து கதைக்கிற இந்த நிலமும், பின்னால இருக்கிற மனுகாவ் கடலேரியும் வையோஹுவா மக்களுடையது. இதைச் சடங்குக்காகச் சொல்லேல்ல. இண்டைக்கு நான் பேசப்போற விசயமே அதுதான்.

இந்தத் தொடருக்கு நாங்கள் வைத்த தலைப்பு "உணவு இறைமை". அந்தச் சொல்லை 1996இல் லா வியா கம்பெசினா உலகத்துக்கு முன்னால வைத்த கதை உங்களுக்குத் தெரியும். விதை, காணி, உரக் கம்பனி எண்டு நிறையக் கதைச்சிட்டம். தண்ணிக்குள்ள இருக்கிற சாப்பாட்டைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. அதனால நான் ஒரு வலையைப் பற்றிப் பேசுறன். விற்கிறதுக்குப் பிடிக்கிற வலை இல்லை, பொழுது போகாமல் பிடிக்கிற வலையும் இல்லை. பின்னேரம் சட்டி அடுப்பில ஏற வேணும், அதுக்காகப் பிடிக்கிற வலை.

முதல்ல குளத்துக்குப் போவம்.

என்ர அம்மாவின் அம்மாவை நாங்கள் அம்மாயி எண்டு கூப்பிடுவம். யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு இந்தச் சொல் புதுசா இருக்கும். அவ மலையகத்து ஆள். 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒண்டு அவவுடையது. கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுத் தண்ணி பாயிற வயல்களில் கூலி வேலை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கினது எங்களுக்குப் பாடப்புத்தக விசயம். அவவுக்கு அது வேற மாதிரி: பிரஜாவுரிமை இல்லையெண்டா அரசாங்கக் காணிக்கு பெர்மிட் இல்லை. காணி இல்லையெண்டா வாய்க்கால் தண்ணியில பங்கு இல்லை. குளத்துத் தண்ணி யாரின்ர வயலுக்கு எப்ப போகும் எண்டு முடிவெடுக்கிற கூட்டத்தில உங்களுக்கு இருக்க இடமில்லை.

ஆனா அதே தண்ணிக்குள்ள மீன் இருந்தது. காணி உள்ளவருக்கு நெல்லு, காணி இல்லாதவருக்கு மீன். ஒருத்தரும் எழுதி வைக்கேல்ல, அப்படித்தான் நடந்தது. வன்னிக் குளங்களைப் பற்றிப் பெருமையா எழுதுற எங்கட ஆக்கள் மதகு, அணைக்கட்டு, நீர்ப்பாசனம் எண்டுதான் எழுதுவினம். மீனைப் பற்றி ஒரு வரி இருக்காது. குளத்து மீன் எண்டா சேத்து மணம், ஏழையின்ர கறி எண்டு ஒரு இளக்காரம். அந்த இளக்காரத்துக்குள்ள சாதியும் இருக்கு, வர்க்கமும் இருக்கு. கடற்கரைக்குக் கிட்ட இருந்தவைக்கு விளைமீன், பாரை. உள்ளுக்க இருந்தவைக்கு விராலும் சுங்கானும்.

பிடிக்கிற முறையை அம்மா எனக்கு இங்க, வேமத் படகுத்துறைக்குப் பக்கத்தில காருக்குள்ள இருந்து, வத்துப் பெருக்குக்காகக் காத்துக்கொண்டு சொல்லித் தந்தவ. ஒரு வருசத்துக்கு ஒரு வலை இல்லை. தண்ணி மாற மாற ஆயுதமும் மாறும்.

மாரி மழைக்குக் குளம் நிரம்பி வான் பாயும். வான் எண்டா மிச்சத் தண்ணி வழிஞ்சு போற இடம். அப்ப மீன் தண்ணியை எதிர்த்து ஏறப் பார்க்கும். அத்தாங்கு போதும். தடியில கட்டின ஒரு சின்னப் பை வலை, பொம்பிளைப் பிள்ளைகள் முழங்கால் தண்ணியில நிண்டு கோருவினம். தை மாசி குளம் நிறைஞ்சு கிடக்கேக்க வீச்சுவலை. விளிம்பைச் சுத்தி ஈயக்குண்டு, வட்டமா விரிஞ்சு விழ வேணும். அம்மாவுக்கு அது வராதாம், மாமாதான் எறிவார். பிறகு தண்ணி இறங்க இறங்க, பொழுதுபடேக்க கரையோரம் ஒரு துண்டு வலையைக் கட்டிப்போட்டு விடியப் போய்த் தூக்கிறது. ஆவணி புரட்டாதியில குளம் வத்திச் சேறு தெரியேக்க கரப்பு. அடியும் இல்லாத, மேலயும் வாய் திறந்த ஒரு கூடை. கலங்கின தண்ணியில குத்திக் குத்திப் போக வேணும். உள்ளுக்க ஏதும் முட்டினா மேல் வாயால கையை விட்டுப் பிடிக்க வேணும். சுங்கான் எண்டா முள்ளு ஏத்திப்போடும், கை இரவிரவா வலிக்கும்.

பிடிச்ச விராலைச் சாம்பல் போட்டு உரஞ்சி வழுவழுப்பைப் போக்கி, புளி கரைச்சு, மிளகு கூட்டிக் குழம்பு. கூடக் கிடைச்சா உப்புப் போட்டுக் கருவாடு. அடுத்த வளவில பிள்ளை பெத்த வீடு இருந்தா ஒரு விரால் அங்க போகும். வித்ததே இல்லையா எண்டு கேட்டன். "நாலு பேருக்குப் பிடிக்கிற மீன்ல என்னத்த விக்கிறது" எண்டு அம்மாயி சொல்லுவாவாம். ஆனா வித்தவையும் இருந்தவை. எல்லாரும் புனிதர் எண்டு நான் சொல்ல வரேல்ல.

கட்டுப்பாடும் இருந்தது. விரால் தன்ர குஞ்சுகளைக் காவல் காக்கிற மீன். சிவப்புக் குஞ்சுகள் ஒரு பந்து மாதிரித் தண்ணிக்கு மேல வந்து வந்து போகும், கீழ தாயும் தகப்பனும் நிக்கும். அந்த நேரத்தில அதுகளைப் பிடிக்கிறது மகா சுலபம். பிடிச்சா அம்மாயியிட்ட பேச்சு விழும். அவவின்ர வாதத்தில பக்தி கிடையாது: இப்ப ரெண்டைத் தின்னா, வாற வருசம் இருநூறு இல்லை. கணக்கு.

இந்தக் குளத்து மீனை அரசு எப்பிடிப் பார்த்தது? 1952இல் மொசாம்பிக் திலாப்பியாவைக் கொண்டு வந்து இலங்கைக் குளங்களில் விட்டார்கள். அம்மா அதை யப்பான் மீன் எண்டுதான் சொல்லுவா. அது பெருகி, உள்நாட்டு மீன்பிடியின் முதுகெலும்பாகவே ஆகிவிட்டது. பிறகு 1990இல், பௌத்த மதத் தரப்பின் எதிர்ப்பைக் காரணம் காட்டி, பிரேமதாச அரசு உள்நாட்டு மீன்பிடிக்கான அரச ஆதரவை முற்றாக விலக்கிக்கொண்டது. 1994இல் ஆட்சி மாறின பிறகுதான் அது திரும்ப வந்தது. இடையில மேற்பார்வை இல்லாமல் போக, பல குளங்களில் சின்னக் கண் வலைகள் பெருகின. குளத்து மீனைச் சாப்பிட்ட கிராமத்து மக்களில் பெரும்பான்மையினர் சிங்கள விவசாயிகள். அவர்களையும் கேட்டு இந்த முடிவை எடுக்கேல்ல. வன்னியில அதே 1990இல் இருந்து பொருளாதாரத் தடை: எரிபொருள், உரம், சீமெந்து, பற்றரி ஒண்டும் வராது. கடலில கடற்படை. 1995 கடைசியில யாழ்ப்பாணத்தை விட்டு லட்சக்கணக்கான சனம் இடம்பெயர்ந்து, அதில பெரும் பகுதி வன்னிக்கு வந்தது. குளத்து மீனை இளக்காரமாப் பார்த்த ஆக்களும் அந்த வருசங்களில் கரப்புக் குத்தப் பழகினவை எண்டு அம்மா சொல்லிச் சிரிப்பா. அவ சிரிக்கிற மிகச் சில போர்க் கதைகளில் அது ஒண்டு.

1998இல் தேசிய நீருயிரினவளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபைக்கான சட்டம் வந்தது. இப்ப குளங்களில் மீன் குஞ்சு விடுறார்கள், சங்கம் இருக்கு, உரிமப் பத்திரம் இருக்கு, வலைக் கண் அளவு இருக்கு. நான் அதுக்கு எதிரில்லை. சங்கமாகச் சேர்ந்த மீனவருக்கு அது தேவை. ஆனா அந்த ஏற்பாடு முழுக்கவும் உற்பத்தியாளருக்கானது, எத்தனை தொன், எத்தனை குஞ்சு, எத்தனை படகு எண்டு எண்ணுறதுக்கானது. கரையில அத்தாங்கோட நிக்கிற பொம்பிளை அந்தக் கணக்கில எங்கயும் வரமாட்டா. அவ உற்பத்தியாளரும் இல்லை, குற்றவாளியும் இல்லை. அவவுக்குப் பெயரே இல்லை.

இதை மனசில வைச்சுக்கொண்டு மனுரேவாவுக்கு வாங்கோ.

அம்மாவும் அவவின்ர ரெண்டு சிநேகிதிகளும் மனுகாவில் நாக்கு மீனுக்கு வலை போடுறவை. இங்கிலீசில ஃப்ளௌண்டர், மாஓரியில பாட்டிகி. இரவு வத்துப் பெருக்கில, சேத்துத் தரையில. சேறு அவைக்குப் பழக்கம். சட்டத்தை எனக்கு முன்னமே பாடமாக்கி வைச்சிருக்கினம்: வலை 60 மீட்டருக்கு மேல போகக்கூடாது. ஒரு ஆளுக்கு ஒரு வலை. ரெண்டு பக்க மிதவையிலயும் போட்டவரின்ர பெயர் தெளிவா இருக்க வேணும். நாக்கு மீனுக்கு வலைக்கண் 100 மில்லிமீட்டர். மஞ்சள் வயிறு 25 சென்டிமீட்டருக்குக் குறைஞ்சா திரும்ப விட வேணும். தண்ணி வத்தி மீன் தரையில கிடக்கிற மாதிரி வலையை விடக்கூடாது. விக்கவோ மாத்துக்குக் குடுக்கவோ கூடாது. (விதிகள் மாறும். போக முன்னம் அமைச்சின்ர செயலியைப் பாருங்கோ. துறைமுக வாய்ப் பக்கம் மாவி டொல்பினுக்காக வலைத் தடை இருக்கு. அந்த டொல்பின் கடைசிக் கணக்கெடுப்பில ஐம்பது சொச்சம்தான். அதில விளையாட வேண்டாம்.)

போன வருசம் ஒரு இரவு யாரோ ஒருத்தர் இவையை வீடியோ எடுத்து, "ஏசியன்கள் கடலை வழிக்கிறாங்கள்" எண்டு உள்ளூர்ப் பக்கமொண்டில போட்டார். மீன்வள அதிகாரி ஒருத்தர் வந்து வலையை அளந்து, மீனை அளந்து, எல்லாம் சரி எண்டு சொல்லிட்டுப் போனார். வீடியோ அப்படியே கிடந்தது. அம்மா ரெண்டு மாதம் போகேல்ல.

அந்த ரெண்டு மாதத்திலதான் நான் விதிகளைத் தமிழில் ஒரு தாளாக்க வெளிக்கிட்டன். முதல் வரியிலயே நிண்டுட்டன். அந்தச் சட்டம் இவை செய்யிறதுக்கு வைச்சிருக்கிற பெயர் ரெக்ரியேஷனல். பொழுதுபோக்கு மீன்பிடி. ஒழுங்கு விதிகளின்ர தலைப்பிலயே அமெச்சூர் எண்டு இருக்கு. "பொழுதுபோக்கா?" எண்டு அம்மா கேட்டா. பகல் முழுக்க ஒரு பொதியிடும் தொழிற்சாலையில நிண்டுட்டு, இரவு பத்து மணிக்குக் குளிருக்குள்ள சேத்தில இறங்குறது.

இந்த நாட்டுச் சட்டத்தில மீன் பிடிக்க மூன்று கதவுதான் இருக்கு: வணிகம், வழமை, பொழுதுபோக்கு. இந்தக் கதவுகள் எப்பிடி வந்தன எண்டு பாருங்கோ. ஒரு காலத்தில் ஊர் ஊராகப் பகுதிநேர மீனவர்கள் இருந்தார்கள். கொஞ்சம் விற்பார்கள், கொஞ்சம் சாப்பிடுவார்கள், மிச்ச நாளில் தோட்டமோ கூலியோ. அதில் நிறைய மாஓரிகள். 1983 மீன்வளச் சட்டம் வந்ததோடு வருசம் 10,000 டொலரோ, வருமானத்தில் 80 வீதமோ மீனில இருந்து வராதவரை மீனவர் இல்லை எண்டு வெளியே தள்ளினார்கள். 1986இல் கோட்டா முறை வந்து மீன் பிடிக்கிற உரிமை வாங்கி விற்கிற சொத்தாகினபோது, அந்த மக்கள் ஏற்கெனவே வாசலுக்கு வெளியே. பாதி விற்று, பாதி சாப்பிட்ட வாழ்க்கைக்கு அதோடு இடமில்லாமல் போயிட்டுது. அம்மாயி இங்க பிறந்திருந்தா அவவும் அந்த வாசலுக்கு வெளியதான்.

"வழமை" எண்ட கதவு சும்மா திறக்கேல்ல. இந்த மனுகாவையே எடுங்கோ. 1960இல் மாங்கரேயில் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குளங்களுக்காக ஏறத்தாழ 500 ஹெக்டேர் கடலேரியை அடைத்து, ஒருவாரங்கி ஓடையை மறித்தார்கள். இஹுமாதாவோ மக்களின் மீன் தரை, சிப்பித் தரை எல்லாம் அதுக்குள்ள போனது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கம் வரைக்கும் அந்தக் குளங்கள் இருந்தன. 1980களில் ங்கானெகோ மின்ஹின்னிக் முன்னுக்கு நிண்டு வைட்டாங்கி தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோன முறைப்பாட்டின் மேல 1985இல் மனுகாவ் அறிக்கை வந்தது. ஒரு மராய்க்கு விருந்தாளி வந்தா அந்த இடத்து மீனும் சிப்பியும் வைக்க வேணும். கடையில வாங்கி வைக்கிறது அந்த மக்களுக்குப் பசிப் பிரச்சினை இல்லை, மானப் பிரச்சினை. பிள்ளை பெத்த வீட்டுக்கு விரால் அனுப்பின அம்மாயிக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1986இல் இன்னொரு வழக்கு. டொம் டெ வீஹி எண்டவர் கன்டர்பரியில மொட்டுனாவ் கரையில், அளவுக்குக் குறைஞ்ச பாவா சிப்பி எடுத்தார் எண்டு தண்டிக்கப்பட்டவர். கரைக்கு உரிய மக்களின்ர அனுமதியோட, குடும்பத்துச் சாப்பாட்டுக்கு எடுத்தது. மேல்நீதிமன்றம் அவரை விடுவித்தது. மாஓரி மீன்பிடி உரிமையை இந்தச் சட்டம் பாதிக்காது எண்டு 1983 சட்டத்திலயே ஒரு வரி கிடந்தது. ஒருத்தரும் மதிக்காமல் கிடந்த அந்த வரியை அவர் உயிர்ப்பித்தார். பிறகு 1992 சீலோர்ட் ஒப்பந்தம், 1998 வழமை மீன்பிடி ஒழுங்கு விதிகள்.

ஆனா அந்த ஒப்பந்தத்துக்கு ஒரு விலை இருந்தது. வணிகம் ஒரு பக்கம், வழமை ஒரு பக்கம் எண்டு வெட்டி, வழமையில் பிடிச்சதில ஒரு சதமும் வரக்கூடாது எண்டு எழுதினார்கள். நடைமுறையில கைடியாகி தருகிற அனுமதி பெரும்பாலும் மராயில் கூட்டம், செத்த வீடு மாதிரியான நிகழ்வுகளுக்கு. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இரவு பிள்ளைகளுக்குக் கறி வைக்கப் போற மாஓரித் தாயும் பெரும்பாலும் எங்கட அம்மா மாதிரி "பொழுதுபோக்கு" கணக்கிலதான் பிடிக்கிறா. சொந்தக் கடலில!

இதைப் படிச்ச நாள் எனக்குக் கொஞ்ச நேரம் எழும்ப முடியேல்ல. ஏனெண்டா எங்கட ஆக்களுக்குள்ள ஒரு கதை ஓடுது: "மாஓரிக்கு எல்லாம் இருக்கு, எங்களுக்குத்தான் ஒண்டும் இல்லை." இல்லை தோழர். சட்டிக்குப் பிடிக்கிறது எண்ட விசயத்தில ரெண்டு பேருக்கும் சட்டத்தில பெயர் இல்லை. வித்தியாசம், அவை தங்கட வீட்டில நிக்கினம், நாங்கள் அவையின்ர வீட்டில.

பெயர் வைக்கலாம். தென்னாப்பிரிக்கா 1998 சட்டத்தில் வயிற்றுக்குப் பிடிக்கிறவர் எண்டு ஒரு வகையையே எழுதியது. அது சரியா வேலை செய்யேல்ல, கடற்கரை மக்கள் வழக்குப் போட்டார்கள், 2012இல் சிறு மீனவர் கொள்கை வந்தது. இன்னும் சண்டை முடியேல்ல. எண்டாலும் சண்டை பிடிக்கவாவது ஒரு சொல் இருக்கு.

மற்றப் பக்கத்தையும் பாருங்கோ. இங்கயிருந்து தெற்கே ஒரு மணித்தியாலம் போனா வைக்காட்டோ ஏரிகள். வைகாரே, ஃபங்காபே. அங்க கோய் கெண்டை பெருகிக் கிடக்கு. பூச்சி பீடை மாதிரிச் சட்டத்தில இருக்கு, உயிரோட வைச்சிருக்கக்கூடாது. வருசத்துக்கு ஒருக்கா வில் அம்போட போட்டி வைச்சுத் தொன் கணக்கில் கொல்லுவினம், பரிசு குடுப்பினம். பிடிச்சது சாப்பாட்டுக்குப் போறதில்லை. ஒரு அங்கிள் அதைக் கேட்டிட்டு, "எங்கட ரோகு, கட்லாவின்ர சொந்தக்காரனை உரமாக்கிறாங்களே" எண்டு தலையில கை வைச்சார். எனக்கு அந்தப் போட்டியில கோபம் இல்லை. அந்த மீன் ஏரியை நாசமாக்குது, கொல்லத்தான் வேணும். ஆனா ரெண்டு படத்தையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. ஒரு லொறி மீனோட நிக்கிறவர் விளையாட்டு வீரர். ஏழு நாக்கு மீனோட நிக்கிற மூண்டு பொம்பிளையள் கடலை வழிக்கிறவை.

அப்ப நாங்கள் என்ன செய்யிறது? "எங்கட பாரம்பரியம்" எண்டு சொல்லி மனுகாவில உரிமை கேக்கிறதோ? அது எனக்கு உடன்பாடில்லை. வன்னிக் குளத்தில அம்மாயிக்கு இருந்த வழக்கம் அந்தக் குளத்தோட ஒட்டினது. எந்த மாதம் எந்த இடத்தில எதைத் தொடக்கூடாது எண்ட அறிவு சூட்கேசில வராது. இங்க அந்த அறிவு வையோஹுவா மக்களிட்ட இருக்கு. ராஹுய் போட்டா அதை "இன்னொரு தடை" எண்டு வாட்ஸ்அப்பில புறுபுறுக்கிறதை நிப்பாட்ட வேணும். அது விரால் குஞ்சைத் தொடாதே எண்டு சொன்ன அதே பேச்சு. உமுபுயாவில் 2008இல் சிப்பிக்குத் தடை போட்டது அந்தக் கரையின்ர மக்கள் கேட்டுத்தான். இப்பிடியான நேரத்தில் கரையில நிண்டு தமிழ், ஹிந்தி, பஞ்சாபி, மாண்டரின் பேசுற குடும்பங்களுக்கு விளங்கப்படுத்த ஆள் தேவை. அதில எங்களில நாலு பேர் நிண்டா, நூறு அறிக்கையை விடப் பெரிசு.

இன்னொண்டு, இது எங்கட ஆக்களுக்கு. "வீட்டு மீன், ஃப்ரெஷ், கிலோ இவ்வளவு" எண்டு குறூப்பில போடுறவைக்கு நாங்கள் தான் சொல்ல வேணும். விற்கத் தொடங்கின உடனே அது சட்டிக்குப் பிடிச்சது இல்லை, அதால மாட்டுப்படுறது விக்காதவையும்தான். புஹினுய் ஓடைத் தண்ணி பற்றியும் கதைக்க வேணும். மனுரேவாவின் மழைத்தண்ணி, கார் எண்ணெய், எல்லாம் அதுக்குள்ளால கடலேரிக்குத்தான் போகுது. இவிகளோட சேர்ந்து அந்த ஓடையை மீட்கிற வேலை நடக்குது, மரம் நட ஆள் கேக்கினம். மீன் சாப்பிடுற வீடுகளில இருந்து ஆள் போறது நியாயம்.

தமிழ்த் தாளின் மூன்றாவது வரைவு பின்னால மேசையில இருக்கு. "ரெக்ரியேஷனல்" வாற இடத்தில இப்போதைக்கு "வீட்டுத் தேவை மற்றும் பொழுதுபோக்கு" எண்டு போட்டிருக்கிறன். சட்டப்படி அது சரியான மொழிபெயர்ப்பு இல்லை எண்டு சட்டம் படிக்கிற தோழர் ஏற்கெனவே சிவப்புப் பேனையால எழுதிட்டார். அதைப் பற்றி இண்டைக்குச் சண்டை பிடிக்கலாம். மீன் பெயர்ப் பக்கம் அரைவாசி வெறுமையா கிடக்கு. ஆங்கிலப் பெயரும் மாஓரிப் பெயரும் இருக்கு, தமிழ் நிரல் நீங்கள் நிரப்ப வேணும். இணையத்தில தேடாதேங்கோ, வீட்டில கேளுங்கோ. கனாஏக்கு மட்டும் இதுவரைக்கும் மணலை, மடவை எண்டு ரெண்டு பெயர் வந்திருக்கு, ரெண்டு அன்ரிமாரும் விட்டுக்குடுக்கிறதா இல்லை.